கழன்றதா, கழற்றியதா

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. பதினேழு வருடமாகச் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து முடித்த சட்டை மேசைக்கு வரும். காலர், கை, பொத்தான் துளை, உள்தையல் என்று விரலால் தடவிக்கொண்டே போவாள். எங்கே நூல் விட்டிருக்கிறதோ அங்கே அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். குறையே இல்லாத சட்டை வந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி. அவளுக்கு அது உறுத்தும். இரண்டாம் தடவை புரட்டிப் பார்ப்பாள். இவ்வளவு ஒழுங்காக வந்திருக்கிறதென்றால் எங்கேயோ எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடிக்கொள்ளாது. அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். ஊரில் யார் என்ன சொன்னாலும் நம்புகிறவர். கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய வலது காலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பயம் வந்தால் கால் தானாகத் தரையை அழுத்தும். காரிலிருந்தாலும் சரி, வீட்டு நாற்காலியிலிருந்தாலும் சரி. தான் பேச ஆரம்பிக்கும்போது அந்தக் கால் அழுத்துகிறதா என்று பார்த்தே அவள் அவர் மனதைத் தெரிந்துகொள்வாள்.

வீட்டின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் மோட்டார் இருந்தது. தரைத்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது. கீழே இவர்கள், மாடியில் கணவரின் தங்கை. அந்த நாத்தனார் தன் முன்னறையிலேயே பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தினாள். இரண்டு வீட்டுக்கும் மோட்டார் ஒன்றுதான்.

பதினோரு வருடமாக அங்கே குழாய் வேலைக்கு வந்தவர் ஒரே பிளம்பர். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த ஆள். அளந்து பேசுவார். ஒன்றைச் சரி செய்துவிட்டுப் போவார். இரண்டு வாரத்தில் இன்னொரு இடம் ஒழுகும். மறுபடியும் வருவார், அதைச் சரி செய்வார், அதற்குப் பக்கத்து மூட்டில் சொட்டு விழ ஆரம்பிக்கும்.

"ஏங்க, ஒரு மனுஷன் வந்துட்டுப் போனா வீடு சரியாகணுமா, கெட்டுப் போகணுமா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"பழைய குழாய். ஒண்ணை இறுக்கினா இன்னொண்ணு விடத்தான் செய்யும்."

"அதெப்படி பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை விடும்? காலண்டர் பாத்துட்டா விடுது?"

வாத்தியாரின் வலது கால் தரையை அழுத்தியது.

அவளுக்கு வேறு சில கணக்குகளும் இருந்தன. வேலை முடிகிற நேரம் பார்த்துத்தான் பிளம்பர், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்பார். அவள் உள்ளே போய் எடுத்து வருவதற்குள் பை மூடியிருக்கும். தொட்டி நிறையத் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஆளுக்கு எப்படி அவ்வளவு தாகம் எடுக்கும்? அந்த இரண்டு நிமிடத்தில் அவர் கை சும்மா இருக்குமா? போதாக்குறைக்கு ஒருமுறை அவர், "மோட்டார் ரொம்ப ஆடுதும்மா, ஒரு நாள் அடியில பாக்கணும்" என்றார். அடுத்த வேலைக்கு இப்போதே துண்டு போட்டு வைக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவரைப் பிடிக்கும் வழி கம்பெனியில் கிடைத்தது. தையல் மெஷின்களைப் பழுது பார்க்கும் வழுக்கைத்தலை மெக்கானிக், ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கியபின் அதன் தலையிலிருந்து மெஷினின் உடம்பு வரைக்கும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு சின்னக் கோடு இழுப்பதை அவள் பார்த்தாள்.

"இது எதுக்குண்ணே? அலங்காரமா?"

"கோடு நேரா இருந்தா திருகாணி அசையலைன்னு அர்த்தம். கோடு ரெண்டா முறிஞ்சு நின்னா கழண்டிருக்குன்னு அர்த்தம். குனிஞ்சு தொட்டுப் பாக்கவே வேணாம், தெரிஞ்சிடும்."

தெரிஞ்சிடும் என்ற அந்த ஒரு சொல்லை அவள் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போனாள். நாத்தனார் எப்போதோ கொடுத்து, ஒருநாளும் பூசாமல் அலமாரியில் கிடந்த நகப்பூச்சைத் தேடி எடுத்தாள். மோட்டாரின் நான்கு போல்ட்டுகளுக்கும், குழாய் மூட்டுகள் எல்லாவற்றுக்கும் கோடு போட்டாள். போட்ட மூன்றாம் நாள் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற பிளம்பர் வந்தார். வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். ஒரு வாரம் பொறுத்து அவள் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். இரண்டு போல்ட்டிலும் ஒரு மூட்டிலும் கோடு முறிந்திருந்தது.

கையும் களவுமாகப் பிடித்ததைப் போல அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அடுத்த தடவை பிளம்பர் வாசலில் வந்து நின்றபோது கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"இனிமே நீங்க வர வேணாம்."

"ஏம்மா? என்ன தப்பு?"

"என்ன தப்புன்னு உங்களுக்கே தெரியும்."

பிளம்பரின் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாய் எடுத்தார், சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய்விட்டார். தப்பில்லாதவன் என்றால் சண்டைக்கு வந்திருப்பானே என்று அவள் கணவரிடம் சொன்னாள். கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் முட்டைக்கடைக்காரர் மனைவியிடம் சொன்னாள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னாள். தெருக்கோடியில் இருந்த டியூஷன் டீச்சரிடம் விளக்கமாகவே சொன்னாள், கோடு, போல்ட், தாகம் எல்லாவற்றையும். மூன்று வீட்டிலும் பிளம்பரை நிறுத்தினார்கள்.

இனி எல்லாம் தன் கையாலேதான் என்று ஒரு ஸ்பேனரும் குறடும் வாங்கினாள். பிரிப்பது அவளுக்குப் புதிதல்ல. ஒன்பது வயதில் அப்பாவின் மேசைக் கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டியவள். பூட்டியபின் இரண்டு சக்கரங்கள் மிச்சமாகிவிட்டன. கடிகாரம் ஓடியது. முன்னைவிட வேகமாகவே ஓடியது. அப்பா ஒருநாள் முழுக்க எல்லா இடத்துக்கும் முன்கூட்டியே போய்க் காத்திருந்துவிட்டு வந்தார். அந்த இரண்டு சக்கரத்தையும் கம்பெனிக்காரன் எதற்கு வீணாக வைத்தான் என்ற சந்தேகம் அவளுக்கு இன்றுவரை தீரவில்லை.

குழாய் வேலை கடிகாரம் மாதிரிப் பொறுமையாக இருக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் குழாயைக் கழற்றினாள், மேல்தொட்டி வால்வை மூடாமல். தண்ணீர் பீறிட்டுக் கூரையில் அடித்தது. உள்ளங்கையால் அடைத்தாள், முழங்கையைச் சுற்றிக்கொண்டு முகத்தில் வந்தது. "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். ஓடி வந்த வாத்தியார் கையில் கிடைத்த சட்டையைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தார். எரிந்துகொண்டிருந்த பல்பு சட்டென்று வெடித்தது. இருவரும் இருட்டில், முழங்கால் நனைய, ஆளுக்கு ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாத்தனார் மேலே ஓடி வால்வை மூடும் வரைக்கும் இருவரும் பிடியை விடவில்லை.

இரண்டாவது விபத்து விளையாட்டல்ல. மோட்டாரின் ஒயரைப் பார்ப்பதற்கு முன் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் போனாள். அணைத்தது பின்பக்க விளக்கின் ஸ்விட்ச். கையை வைத்ததும் யாரோ தோளைப் பிடித்து உதறித் தள்ளியதுபோல் இருந்தது. துவைக்க வைத்திருந்த துணிக்கூடை மேல் போய் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் செய்த காரியம் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. இடது கை இரண்டு நாளைக்கு மரத்திருந்தது. கணவர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் அவர் கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை.

"ஒரு ஆளை வச்சுக்கலாமே" என்றார் மெதுவாக.

"வேற ஆள் வந்தா வேற போல்ட்டைக் கழட்டுவான்."

சரி செய்யவும் கற்றுக்கொண்டாள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வாஷர் மாற்ற, மூட்டில் வெள்ளை டேப் சுற்ற, வால்வைப் பிரித்துத் துடைத்துப் பூட்ட எல்லாம் நாளாக ஆகக் கைக்கு வந்தது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் புதுக்கோடு போடுவாள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. பிளம்பரை நிறுத்தி நான்கு மாதமாகிவிட்டது. கோடுகள் இன்னும் முறிந்துகொண்டே இருந்தன.

அப்படியானால் வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது.

யார் என்பது ஒரு சனிக்கிழமை காலையில் அவளுக்குப் பிடிபட்டது, அல்லது பிடிபட்டதாக நினைத்தாள். உடைந்த வாளிப்பிடியைச் சட்டென்று ஒட்டும் பசையால் ஒட்டும்போது, பிடி ஒட்டவில்லை, அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. சோப்பு போட்டாள், வெந்நீரில் வைத்தாள், இழுத்தாள். தோல்தான் எரிந்தது. வேலைக்குப் போக வேண்டும். ஸ்டிக்கர் உரிக்க அந்த இரண்டு விரல்தான் வேண்டும். வேறு வழியில்லாமல் மாடிக்குப் போனாள்.

"உக்காருங்க அண்ணி" என்று நாத்தனார் அவளை வாடிக்கையாளர்கள் உட்காரும் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தாள். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து விரல்களுக்கு நடுவே துளித்துளியாக விட்டாள். "அவசரப்படாதீங்க. தானா விட்டுக்கும்."

நாத்தனார் குனிந்து பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருக்க, பூதக்கண்ணாடியின் பார்வை கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டுக்குப் போனது. வரிசையாக நகப்பூச்சுப் பாட்டில்கள். மூன்றாவது பாட்டில் அதே சிவப்பு. கொடுத்ததே இவள்தானே! கோடு போடுவது இவளுக்குத் தெரியும். படி இறங்கினால் மோட்டார். தனக்கென்று தனி மோட்டார் வேண்டும் என்று அண்ணனிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். இருப்பது கெட்டுப்போனால்தானே புதுசு வரும்?

விரல்கள் பிரிந்தன. "தேங்க்ஸ்மா" என்றாள். அந்தத் திரவத்தின் வாசனையைவிட மோசமாக இருந்தது அவள் சிரிப்பு.

மறுநாள் காலை மோட்டாரைச் சுற்றித் தரையில் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவி வைத்தாள். சாயங்காலம் பார்த்தபோது தெளிவாகச் செருப்புத் தடம் பதிந்திருந்தது. ஆனால் பெரிய தடம். வலது கால் மட்டும் கொஞ்சம் அழுந்தியிருந்தது. அந்த வீட்டில் வலது காலை அழுத்தி நிற்கிறவர் ஒருவர்தான்.

"நீங்களா?" என்று கணவர் முன் போய் நின்றாள்.

அவர் கால் அழுத்தியது. "என்னது நானா?"

"மோட்டார் பக்கத்துல உங்களுக்கு என்ன வேலை? உண்மையைச் சொல்லுங்க."

அவர் எழுந்து பின்பக்கம் போய், மோட்டாருக்குப் பின்னால் இருந்த செங்கல் இடுக்கிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். கிரீம் பிஸ்கட். மூன்று மிச்சமிருந்தன. டாக்டர் சர்க்கரையைத் தொடவே கூடாது என்று சொல்லி ஒன்றரை வருடமாகியிருந்தது.

"தினமும் ரெண்டுதான்" என்றார்.

பொட்டலத்தைப் பறித்துக்கொண்டாள். அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது. ஆனால் போல்ட்டைத் தொட்டதே இல்லை என்று அவர் சொன்னதை அவள் நம்பினாள். அவருக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

மிச்சம் ஒருத்திதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் கடையில் இரும்புக் கம்பிவலைப் பெட்டி ஒன்று செய்து வாங்கி வந்து, மோட்டாரைச் சுற்றி நிறுத்திப் பூட்டுப் போட்டாள். ஸ்விட்ச் வெளியே சுவரில் இருந்ததால் தண்ணீர் ஏற்றுவதற்குத் தடையில்லை. ஒரே சாவி. அதைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

நாத்தனார் படியிறங்கி வந்து பூட்டைப் பார்த்தாள். "இது என்ன அண்ணி? யாருக்கு இந்தப் பூட்டு?"

"பாதுகாப்புக்குத்தான்."

"யார்கிட்டேருந்து? இந்தப் பக்கம் வர்றது நாம மூணு பேரு. நீங்க உங்களுக்கே பூட்டுப் போட்டுக்க மாட்டீங்க, அண்ணனுக்கும் போட மாட்டீங்க." பூட்டிலிருந்து கண்ணை எடுத்து அண்ணியைப் பார்த்தாள். "அன்னைக்கு விரலைப் பிரிச்சு விட்டேனே, அப்பவும் இதைத்தான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?"

அவள் கழுத்துச் சாவியைச் சங்கிலியோடு உள்ளே தள்ளிக்கொண்டாள். நாத்தனார் படியேறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மாடியிலிருந்து பேச்சே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அண்ணனுக்குப் போன் பண்ணுவாள். அவர் கீழே உட்கார்ந்தபடி மேலே இருப்பவளுடன் போனில் பேசுவார்.

பத்து நாள் கழித்துப் பூட்டைத் திறந்தாள். யாரும் பெட்டியைத் தொடவில்லை. பூட்டின் மேல் அவள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தாள். மூன்று போல்ட்டில் கோடு முறிந்திருந்தது.

சங்கிலியிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். தூக்கத்தில் நானே எழுந்து வந்து கழற்றுகிறேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சந்தேகப்பட ஆள் மிச்சமில்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் மெக்கானிக்கிடம் போனாள். யார் வீடு என்று சொல்லாமல், "தெரிஞ்சவங்க வீட்டுல" என்று ஆரம்பித்தாள். கோடு, பூட்டு, சாவி எல்லாம் சொல்லி முடித்து, "பூட்டின பெட்டிக்குள்ள பூந்து எப்படிண்ணே கழட்டுறாங்க?" என்று கேட்டாள்.

மெக்கானிக் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "யாரு கழட்டுறாங்க?"

"அதைத்தாண்ணே கேக்கறேன். கோடு முறிஞ்சிருந்தா கழட்டியிருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எப்பம்மா கழட்டியிருக்காங்கன்னு சொன்னேன்? கழண்டிருக்குன்னு சொன்னேன்!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெஷின் நாள் பூரா அதிருதில்ல, அந்த அதிர்வுல திருகாணி தானா சுத்திக் கழண்டுக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கோடு. திருடனைப் பிடிக்கவா? மோட்டார் ஆடுதான்னு முதல்ல பாக்கச் சொல்லு. அடியில ரப்பர் இருக்கான்னு பாக்கச் சொல்லு. நாலு மூலைக்கும் நாலு இருக்கணும்."

கழண்டிருக்கு. கழட்டியிருக்காங்க. அன்று மதியம் முழுக்க அந்த இரண்டு சொல்லும் அவள் காதுக்குள் மாறி மாறி ஓடின. இரண்டு சட்டைகளை ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போனாள். இம்முறை சரியான ஸ்விட்சை அணைத்துவிட்டு, மோட்டாரின் அடியில் விரலை விட்டுத் தடவினாள். ஒரு மூலையில் ரப்பர். இரண்டாவதில் ரப்பர். மூன்றாவதில் ரப்பர். நான்காவது மூலையில் விரல் சுலபமாக உள்ளே போனது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ரப்பர் எங்கே போனது என்பது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் பின்பக்கத்தைக் கழுவும்போது மோட்டாருக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பிளம்பர் ஏதோ குப்பையைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நெம்பி எடுத்தாள். எடுத்தது கெட்டியாக, நல்ல கனமாக இருந்தது. வீணாக்குவானேன் என்று ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தாள். மேசை ஆட்டம் நின்றது. கணவர் அன்று அவளைப் பாராட்டினார்.

எழுந்து உள்ளே போய் மேசைக்கு அடியில் மண்டியிட்டுப் பார்த்தாள். ஏழு வருடச் சாப்பாட்டையும் தாங்கிச் சப்பையாகி, ரப்பர் அங்கேதான் இருந்தது.

கடையிலிருந்து புதிதாக நான்கு ரப்பரும், போல்ட் கழலாமல் பிடித்துக்கொள்ளும் சுருள் வாஷர்களும் வாங்கி வந்து தானே மாட்டினாள். மோட்டாரைப் போட்டபோது சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. மூன்று வாரம் காத்திருந்தாள். ஒரு கோடுகூட முறியவில்லை.

நாத்தனாரிடம் போவதற்குத்தான் அதிக நாளாயிற்று. கம்பிவலைப் பெட்டியைத் தானே அகற்றினாள். பிறகு மாடிக்குப் போய் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் ஒரு வாடிக்கையாளரின் புருவத்தைத் திருத்திக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். கடைசியில், "ஏன் அண்ணி, என்னைக் கேட்டிருந்தா நான் இல்லைன்னு சொல்லியிருப்பேனே?" என்றாள்.

"சொன்னா நம்பியிருக்க மாட்டேன்மா."

நாத்தனார் அடுத்த புருவத்துக்குப் போனாள். ஆனால் அன்று சாயங்காலம் போன் பண்ணாமல் படியிலிருந்தே, "அண்ணி, மோட்டார் போடுங்க" என்று குரல் வந்தது.

பிளம்பரைத் தேடி ஹார்டுவேர் கடை வாசலுக்குப் போனாள். வேலைக்குக் காத்திருக்கும் நாலைந்து பேரில் அவரும் உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் எழுந்தார். மரியாதைக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. எந்தப் பக்கம் போகலாம் என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"என்னம்மா? வீட்டுல ஏதாச்சும் காணாமப் போச்சா?"

"இல்ல. ஒரு விஷயம் சொல்லணும்." கூட இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் சொன்னதைத் தெருவில்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. "மோட்டார் ஆடுது, அடியில பாக்கணும்னு நீங்க அன்னைக்குச் சொன்னீங்க. அதுதான் சரி. ரப்பரை எடுத்தது நான்தான். நீங்கதான் கழட்டுறீங்கன்னு நெனச்சேன். மூணு வீட்டுல சொல்லியும் வச்சேன்."

பிளம்பர் நம்பாமல் அவளைப் பார்த்தார். "போல்ட்டா? போல்ட்டுக்காகவா என்னை வர வேணாம்னு சொன்னீங்க?"

"ஆமா. வேற எதுக்கு?"

அவர் அவளைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "உங்க வீட்டுல பழைய பித்தளை வால்வு ஒண்ணை மாத்தினேனே, ஞாபகம் இருக்கா? பழசை நான் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டேன். உங்ககிட்ட கேக்கலை. நீங்க 'உங்களுக்கே தெரியும்'னு சொன்னதும் அதைத்தான் கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நெனச்சேன். அதான் வாயைத் திறக்கலை."

கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தும் வால்வு போனது அவள் கண்ணில் படவே இல்லை. கௌரவம் போனது என்னவோ பூதக்கண்ணாடிக்குத்தான். "வாங்க" என்றாள். "அந்த மூணு வீட்டுக்கும் நானே கூட வர்றேன்."

முட்டைக்கடைக்காரர் மனைவி சிரித்துவிட்டு அன்றைக்கே ஒரு வேலை கொடுத்தாள். போஸ்ட்மாஸ்டருக்கு யாரை எதற்கு நிறுத்தினோம் என்பதே மறந்துபோயிருந்தது. டியூஷன் டீச்சர்தான் அசைந்து கொடுக்கவில்லை. அவர் இருவரையும் வாசலிலேயே நிறுத்தி மாறி மாறிப் பார்த்தார்.

"அவரை நிறுத்தினப்புறம் எங்க வீட்டுல எதுவுமே ரிப்பேர் ஆகலையே. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"நான் சொன்னது தப்பு டீச்சர்."

"அன்னைக்கு அவ்வளவு விவரமா சொன்னீங்க. இன்னைக்கு இல்லைங்கறீங்க. நடுவுல என்ன நடந்துச்சு?" டீச்சரின் பார்வை அவளிடமிருந்து பிளம்பருக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்தப் பார்வை எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவளுடைய சொந்தப் பார்வைதான்.

ஆனாலும் டீச்சரின் முகம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்தே வந்தால் பார்க்கலாம் என்று டீச்சர் இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிளம்பர் தொட்டிக்கு அடியில் படுத்து வளைகுழாயைப் பிடித்துக்கொண்டார். அவள் மேலேயிருந்து குழாயின் நட்டை முடுக்கினாள். முதுகில் அந்தப் பார்வை குத்திக்கொண்டே இருந்தது. கை வியர்த்தது. ஸ்பேனர் வழுக்கியது. நங்கென்று தொட்டியின் விளிம்பில் விழுந்து, ஒரு ரூபாய் அளவுக்குப் பீங்கான் தெறித்தது.

டீச்சர் எழுந்து நின்றார். "யாரு போட்டது?" கேள்வி கீழே படுத்திருந்தவரைப் பார்த்துத்தான் வந்தது.

"நான்தான் டீச்சர். என் கைதான் வழுக்கிடுச்சு."

"நீங்க அவருக்காகப் பேச வேணாம்."

"அவரு கையில ஸ்பேனரே இல்ல டீச்சர். நான்தான் போட்டேன்."

டீச்சர் குனிந்து பிளம்பரின் இரண்டு கைகளையும் பார்த்தார். அவை வளைகுழாயைத்தான் பிடித்திருந்தன. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. வேறு ஏதோ இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பதுபோலத் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிளம்பர் வெளியே வந்து, தரையில் கிடந்த பீங்கான் சில்லைப் பொறுக்கி எடுத்தார். வெள்ளை சிமெண்ட்டைக் குழைத்தார். அவள் சில்லை அந்த இடத்தில் பொருத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காய்வதற்குக் கால்மணி நேரமாவது ஆகும்.

"அழுத்தினது போதும்மா" என்றார் பிளம்பர் கொஞ்ச நேரம் கழித்து. "ரொம்ப அழுத்தினா மறுபடியும் விட்டுடும்."

அவள் விரலை மெல்ல எடுத்தாள். சில்லு நின்றது.